யானையா, கோட்டையா?

காரைக்காலை அடுத்த நெரவியில் ஒரு பிள்ளை அப்பாவின் கைபேசியில் லிசெஸ் என்ற சதுரங்கத் தளத்தைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாடத்தில் எதிராளியே கிடையாது. பலகையில் ஒரு கோட்டை, ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். கோட்டையை நகர்த்தி நட்சத்திரத்தை எடுக்க வேண்டும். போகப்போக நட்சத்திரங்கள் கூடும். கோட்டை குறுக்கே போகாது என்பதை விரலே கற்றுக்கொண்டுவிடும்.

2010இல் லிசெஸ்ஸைத் தொடங்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த திபோ டியூப்ளெசி. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை; நன்கொடையில் நடக்கிறது. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். 2000இல் புரூனோ குதுவான் தொடங்கிய ஜெகொம்ப்ரி என்ற சிறுவர் கல்விக்கான திறமூல மென்பொருளும் பிரான்ஸில் பிறந்ததுதான். பிரெஞ்சில் ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்று ஒலிக்கும் பெயர். ஒருமுறை நிறுவிவிட்டால், அடைமழையில் இணையம் அறுந்தாலும் டக்ஸ் என்ற பென்குயினோடு பிள்ளை சதுரங்கம் ஆடலாம்.

நிரல் திறந்திருப்பதால் பிள்ளைக்கு என்ன லாபம்? முதல் லாபம், சொல். கோட்டையைச் சில வீடுகளில் யானை என்பார்கள். நாம் மந்திரி என்கிற காய் இந்திக்காரர்களுக்கு ஒட்டகம். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கோ ‘ஃபூ’, அதாவது அரசவை விதூஷகன். பூட்டிய மென்பொருளில் நிறுவனம் வைத்த பெயர்தான் பெயர். திறமூல மென்பொருளில் திரையில் வரும் சொற்கள் பெரும்பாலும் தனிக் கோப்பில் இருக்கும். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர்கூட, தன் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும் பெயரை அதில் எழுதிவிடலாம்.

இன்னொன்று, எதிராளி. இங்கேதான் உண்மையான சிக்கல். 2008இல் வந்த திறமூலச் சதுரங்க இயந்திரம் ஸ்டாக்ஃபிஷ். இன்று அதை உலகச் சாம்பியனாலும் வெல்ல முடியாது. பிள்ளைக்காக அதன் பலத்தைக் குறைத்தால், பத்து நகர்த்தல் கச்சிதமாக ஆடிவிட்டு, திடீரென்று ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். எந்த மனிதரும் அப்படித் தோற்பதில்லை. அந்த வெற்றியில் பிள்ளை கற்க எதுவும் இல்லை.

டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2020இல் மாயா என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். சிறந்த நகர்த்தலை அது தேடுவதில்லை. இந்த நிலையில் இந்தத் தரத்து மனிதர் எதை ஆடுவார் என்று கணிக்கிறது. லிசெஸ் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் ஆட்டப் பதிவுகளே அதன் பாடநூல். முதலில் வந்த ஒன்பது வடிவங்கள் 1100 முதல் 1900 வரையான தரத்துக்கு உரியவை. குதிரையின் பாய்ச்சலை இப்போதுதான் பழகும் ஏழு வயதுப் பிள்ளைக்கு 1100 மிக அதிகம். அந்தப் பிள்ளையைப் போலவே தடுமாறித் தேறும் எதிராளியை யாராவது எழுதியே ஆக வேண்டும்.

ஆடு புலி ஆட்டத்துக்கும் இதே வழி பொருந்தும். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. நிரல் பழகும் கல்லூரி மாணவரே எழுதிவிடலாம். முதல் பாடத்துக்கு ஒரு புலி, ஒரு ஆடு, ஆட்டுக்குப் பின்னால் காலியாக ஒரு புள்ளி போதும்.