நிறைகோலும் மாணாக்கரும்

ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம் மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். மண்ணின் பதமறிந்தே குயவர் நீர் சேர்ப்பர், வகுப்பறையிலும் அவ்வாறே.

பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியருக்கு நிறைகோலை உவமை கூறினார். மாணாக்கன் கொள்ளும் திறனறிந்து கற்பிக்கவும் பணித்தார். இவை தம்முள் முரணா. நடுநிலை வேண்டுவது அளத்தலில். வேறுபாடு வேண்டுவது உதவுதலில்.

மலேசியாவில் 2021ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டின் 6 அடைவு நிலைகளை ஆசிரியரே தீர்மானிக்கிறார். எழுத்துக் கூட்டத் தடுமாறும் சிறுவனுக்குத் தனியே பத்து நிமிடம் ஒதுக்குதல் ஓரவஞ்சனை ஆகாது. இரக்கத்தால் அவனது இரண்டாம் நிலையை நான்கு எனக் குறித்தலே தவறு. அது மற்றவர்க்கு அநீதி. வேண்டிய துணையை இழக்கும் அவனுக்கோ பேரநீதி. கோல் ஒன்றாயிருக்க, கைகொடுக்கும் வழிகள் பலவாகுக.