80 மணி நேர வேலைக்கு எத்தனை நாள்?

ஒரு வேலைக்கு 80 மணி நேரம் தேவை. ஆள் ஒருவர்தான், நாளுக்கு 8 மணி நேரம் உழைப்பார். எத்தனை நாளில் முடியும்? பத்து என்போம். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளும் அதையே சொல்லும். நாம் வேறு எதுவும் குறிப்பிடாதவரை, உழைப்பைப் பத்து நாளுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடும்.

உண்மையில் வேலை அப்படி நடப்பதில்லை. மென்பொருள் சோதனையையே பாருங்கள். தொடக்கத்தில் சர்வரும் தரவும் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பிழைகள் கொத்துக் கொத்தாக வரும். கடைசியில் திருத்தியதைச் சரிபார்க்கும் வேலை மட்டும் மிஞ்சும். ஆய்வுத் திட்டங்களில் இந்த ஏற்ற இறக்கத்தை ஐபிஎம்மின் பீட்டர் நார்டன் 1960களிலேயே கவனித்தார். மென்பொருள் திட்டங்களுக்கும் அது பொருந்தும் என்று 1978-ல் லாரன்ஸ் புட்னம் எழுதினார்.

இதற்காகத்தான் ப்ராஜெக்டில் 'ஒர்க் கான்டூர்' என்ற வசதி இருக்கிறது. சமப் பங்கீட்டையும் சேர்த்து எட்டு வடிவங்கள். அவற்றில் 'பெல்' என்பது வேலையின் காலத்தைப் பத்துத் துண்டாக்கி 10, 20, 40, 80, 100, பிறகு 100, 80, 40, 20, 10 சதவீதம் என உழைப்பை ஏற்றி இறக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். இந்தச் சதவீதங்களின் சராசரி 50. அதனால் இயல்பான அமைப்பில், பத்து நாள் வேலை இருபது நாளாக நீண்டுவிடும். முதல் இரண்டு நாளும் தலா 48 நிமிட உழைப்புதான்; நடுவில் நான்கு நாள் மட்டுமே முழு 8 மணி நேரம்.

கட்டுமானத் துறையில் புழங்கும் ப்ரைமவேரா பி6 இதற்கு நேர்மாறு. அது நாட்களைத் தொடாது. அதே பத்து நாளுக்குள் உழைப்பை வளைக்கும். உச்ச நாட்களில் 8 மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒன்று தேதியைத் தள்ளுகிறது, மற்றொன்று ஆளின் மேல் சுமையை ஏற்றுகிறது. எது நடக்கிறது என்று தெரியாமல் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து, சமப் பங்கீட்டை அப்படியே விட்டுவிடுவது. ஒரே ஆளுக்கு இரண்டு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் பாதி நேரம் என்று போட்டால் கணக்கு நாளுக்கு 8 மணி நேரத்தில் கச்சிதமாக நிற்கும். சுமை மிஞ்சுகிறது என்ற சிவப்பு எச்சரிக்கை வராது. சுமையைச் சமன்படுத்தும் 'லெவலிங்' வசதிக்கும் அங்கே வேலை இல்லை. நாம் கொடுத்த எண்களைத்தானே அது பார்க்கும்? ஆனால் இரண்டு வேலைகளும் ஒரே வாரத்தில் உச்சம் தொட்டால், அந்த ஆள் இரவுகளில் விழித்திருந்து ஈடுகட்டுவார். இந்த உழைப்பு எந்தத் திட்டத்திலும் பதிவாகாது. எனக்கு இது நிர்வாகக் குறையாகத் தெரியவில்லை, அநியாயமாகவே தெரிகிறது.

அதனால் திட்டம் போடுகிறவர்களே, ஒப்புதல் வாங்கும் முன் ப்ராஜெக்டின் 'டாஸ்க் யூசேஜ்' பக்கத்தைத் திறந்து, அந்த வேலையைச் செய்யப்போகிறவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். எந்த நாள் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் மணிக்கணக்கை நாள்வாரியாக நேரடியாகவே அங்கே நிரப்பலாம்.