ஒற்றைத் தலைவலி: மாத்திரைக்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

(நமது பெஹாலா நிருபர்)

டயமண்ட் ஹார்பர் ரோட்டில் மாலை வேளையில் ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் சற்று நின்று பாருங்கள். வேலை முடிந்து வருகிறவர்களில் ஒருவராவது தலைவலி மாத்திரை கேட்பார். கையில் டாக்டர் சீட்டு இராது. நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல.

சாதாரணத் தலைவலி வேறு, ஒற்றைத் தலைவலி வேறு. பின்னது பெரும்பாலும் ஒரு பக்கமாக விண்விண்ணென்று தெறிக்கும். வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது, குமட்டும். கவனிக்காமல் விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இது மூளை நரம்புகளைப் பொறுத்த நோய். 'பித்தம்' என்று இஞ்சிச் சாற்றோடு விட்டுவிடுகிற சமாசாரமல்ல.

இந்நோய் உள்ளவர்களின் மூளைக்கு மாறுதல் ஆகாது. காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டுப் பஸ் பிடிப்பது, தண்ணீர் குடிக்க மறப்பது, இரவு ஷிப்டு, ஒரு பொழுது விரதம் ஆகிய எல்லாமே தலைவலியைக் கிளப்பக் கூடியவை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவதும் அப்படித்தான். விடுமுறை நாளில் எழுந்ததுமே தலை வலிப்பதாகப் பலர் சொல்லக் காரணம் இதுவே. காப்பியும் அளவோடு, வேளையோடு இருக்க வேண்டும். தினம் நாலு டம்ளர் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் தலை வலிக்கும். சிறிது சிறிதாகக் குறைப்பதே நல்லது.

எண்ணெய்க் குளியல் பழக்கமுள்ள நமக்கு முக்கியமான செய்தி ஒன்று. மும்பைத் தலைவலி நிபுணர் டாக்டர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் ஒற்றைத் தலைவலி வந்த 94 நோயாளிகளைப் பற்றி 2006-ல் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு அடுப்படியில் நிற்கும் பெண்கள் இதைக் கவனித்துப் பார்க்கலாம்.

பூஜை நாட்களைச் சொல்லவே வேண்டாம். பெஹாலாவில் பந்தல் பந்தலாக அலங்கார விளக்கு, டாக் முழக்கம், தூபப் புகை, கண் விழிப்பு, நேரந்தவறிய உணவு! பந்தல் பார்க்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? சாப்பிட்டுவிட்டுப் போய், நேரத்தோடு திரும்பினால் போதும்.

மாத்திரை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாதக் கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரையானால் 10 நாளே போதும். வலி வருகிறதென்று மாத்திரை, மாத்திரையால் மறுபடி வலி! இந்தச் சுழலில் சிக்கியவர்கள் டாக்டரின் யோசனைப்படியே வெளிவர வேண்டும்.

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். வலி வந்த தேதி, மணி, அதற்கு முன் உண்டது, உறங்கிய நேரம், விழுங்கிய மாத்திரை, பெண்களானால் மாதவிலக்கு நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் உங்களுக்கு ஆகாதது எது என்று தெரிய வரும். ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு ஒன்றும் செய்யாது. ஆகையால் பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. இதனால் நோய் அடியோடு போய்விடாது. வலி வரும் நாட்கள் பலருக்குக் குறையும். குறையாதவர்களுக்குத் தடுப்பு மருந்துகள் உண்டு.

டாக்டரைப் பார்க்க பெஹாலாவிலேயே வித்யாசாகர் அரசு மருத்துவமனை இருக்கிறது. நரம்பு நோய்களுக்கென்றே பவானிபூரில் பாங்கூர் நரம்பியல் நிலையம் உள்ளது. திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ நோட்டுப் புத்தகத்தைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.