பெட்டியின் அடியில் ஓர் எண்

உங்கள் வீட்டில் இணைய இணைப்புக்கான ரூட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாதிரிப் பெயர் இருக்கும். அதன் பக்கத்தில் மிகச் சிறிய ஆங்கில எழுத்தில் ‘வெர்’ என்று சுருக்கி எழுதி, ஓர் எண்ணும் போட்டிருப்பார்கள். ராயகிரியில் எங்கள் எதிர்வீட்டார் அந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டார்கள். அதனால் ஒரு மாதம் அவர்கள் வீட்டுப் பதினோராம் வகுப்பு மாணவிக்கு இணைய வகுப்பு பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

மலையடிவாரத்து ஊர்களில் காணும் பழைய வீடு அது. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில்பெட்டிகள் போல் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும். சுவர்கள் நல்ல கனம். தெருவிலிருந்து வரும் கம்பி தார்சாவோடு நின்றுவிடுவதால் ரூட்டரும் அங்கேதான். அந்தப் பெண் படிப்பதோ இரண்டாங்கட்டில்.

ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அதிர்வெண்களில் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. முதலாவதற்கு 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதற்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். ஒவ்வொரு சுவரும் அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையிடம் அது இன்னும் அதிகமாகவே வசூலிக்கும். இரண்டு கனத்த சுவர்களைத் தாண்டிய பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவதே ‘மெஷ்’ என்னும் வலைப்பின்னல் முறை. கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் செய்தியைக் கைமாற்றுகிறது. வலையின் பெயர் ஒன்றுதான். நீங்கள் தொலைபேசியோடு நடந்தால், ஒரு பெட்டி உங்களை மற்றொன்றிடம் ஒப்படைத்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செங்கல்லை வாங்கும் கை அதே கணத்தில் மற்றொன்றைக் கொடுக்க முடியாது. ஒரே சானலில் வேலை செய்யும் ரேடியோவும் ஒரே சமயத்தில் கேட்கவும் பேசவும் இயலாதது. ஆகவே ஒவ்வொரு கைமாற்றுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. விலை உயர்ந்த பெட்டிகளில், கைமாற்றுவதற்கென்றே தனியாக ஒரு ரேடியோவை வைத்துவிடுகிறார்கள்.

எதிர்வீட்டு அண்ணாச்சி, தம் வீட்டு ரூட்டரின் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டுபோய், அதே பெயருள்ள பழைய பெட்டி ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். அதே நிறம், அதே நான்கு ஏரியல்கள். ஆனால் சேர்க்கப் போனபோது, இந்தச் சாதனம் மெஷ்ஷுக்கு ஏற்றதன்று என்று செய்தி வந்தது.

“மாமா, ரெண்டும் ஒரே மாடல்தானே? பின்னே ஏன் சேர மாட்டேங்குது?” என்று கேட்டாள் அந்தப் பெண். இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றில் 5 என்றும், மற்றதில் 2 என்றும் இருந்தது.

பெயர் மாறாமல் உள்ளே இருப்பது மட்டும் ஏன் மாறுகிறது? சில்லுகள் கிடைக்காமற் போவதுண்டு. மலிவான சில்லு சந்தைக்கு வருவதுண்டு. நாட்டுக்கு நாடு ரேடியோ விதிகளும் வேறு. விற்பனையில் பெயரெடுத்த பெட்டியின் பெயரைக் கைவிட யாருக்கு மனம் வரும்? ஆகவே பழைய சட்டைக்குள் புதிய ஆள் நுழைந்துவிடுகிறார்.

ரூட்டர் என்பது ஒரு சிறிய கணிப்பொறி. அதற்கு இரண்டு நினைவகங்கள் உண்டு. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் மென்பொருள் தங்குகிறது. தற்காலிக நினைவகத்தில், அண்டைப் பெட்டிகள் எவை, எந்த வழி நல்லது என்ற கணக்குகள் ஓடுகின்றன. மெஷ் என்றால் இரண்டிலும் கூடுதல் இடம் வேண்டும். தவிர, ஒரே ரேடியோ முன்பெட்டிக்கு மாணவனாகவும், தொலைபேசிகளுக்கு ஆசிரியராகவும் ஒருங்கே நடக்க வேண்டும். எல்லாச் சில்லும், அதை இயக்கும் எல்லா மென்பொருளும் இதற்கு இடம் தருவதில்லை. சில சமயம் திறமை இருந்தும், பழைய பதிப்புக்குப் புது மென்பொருள் எழுத நிறுவனம் முன்வருவதில்லை. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றே!

இதற்குப் புகழ்பெற்ற சான்று, லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரூட்டர். 2002ல் வெளிவந்த அதன் மென்பொருள் லினக்ஸ் அடிப்படையிலானது என்று தெரிந்தபின், 2003ல் நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. ஆர்வலர்கள் அதைத் திருத்தி, பெட்டிக்குப் புதிய வித்தைகள் கற்பித்தார்கள். நம் நாட்டின் இமயமலைச் சரிவிலும் அது வேலைக்கு வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைக் கட்டடத்துக்கு வெளியே உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் இந்திய அரசு அனுமதித்தது. அடுத்த மாதமே தர்மசாலாவில் ஒரு மெஷ் வலை உயிர்பெற்று, மாத முடிவுக்குள் 8 வளாகங்களை இணைத்தது. மலை மறைக்கும் இடங்களில் ஒரு கோபுரத்திலிருந்து எல்லோருக்கும் நேர்கோட்டில் அலை அனுப்ப முடியாது. சுற்றிவளைத்துக் கைமாற்றித்தான் ஆக வேண்டும். பின்னாளில் 30க்கும் மேற்பட்ட நிலையங்கள், அத்தனையும் ஒரே சானலில் இயங்கின. அந்த நிலையங்களுக்கு அடிப்படையாக இருந்தது, திருத்தியமைக்கப்பட்ட இந்த ரூட்டரே.

அதே 2005ன் பிற்பகுதியில் அதன் 5ஆம் பதிப்பு கடைக்கு வந்தது. முந்தைய பதிப்பில் 4 மெகாபைட்டாக இருந்த நிலையான நினைவகம் 2 ஆயிற்று. தற்காலிக நினைவகம் 16லிருந்து 8 மெகாபைட்டாகக் குறைந்தது. லினக்ஸ் போய், வி.எக்ஸ்.ஒர்க்ஸ் என்ற வேறு அமைப்பு குடியேறியது. சாதாரண வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரிந்திராது. ஆனால் மெஷ் அமைக்க விரும்பியவருக்கு அது வேறு பெட்டி. லினக்ஸ் வேண்டியவர்களுக்காக டபிள்யூ.ஆர்.டி. 54ஜிஎல் என்று, இம்முறை பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி, தனி மாதிரியை அந்நிறுவனம் விற்றது. எல்லோரும் இப்படி ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மெஷ்ஷுக்கு உலகப் பொதுவான விதிகள் இல்லாமல் இல்லை. 802.11எஸ் என்ற தர விதி 2011ல் வந்தது. வைஃபை கூட்டமைப்பு 2018ல் ‘ஈஸிமெஷ்’ என்ற பொதுமுறையைக் கொண்டுவந்தது. ஆனால் பல நிறுவனங்கள் தமக்கென ஒரு தனிமொழியையும் வைத்திருக்கின்றன. ஆகவே வாங்குமுன் நிறுவனத்தின் பட்டியலில் பெயரோடு பதிப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பெட்டி வாங்கினால், அடிச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று: 5ஆம் பதிப்பின் மென்பொருளை 2ஆம் பதிப்பில் ஏற்றி மெஷ் வரவழைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பெட்டி எழுந்திருக்காமலே போகலாம்.

எதிர்வீட்டில் கடைசியில் என்ன செய்தோம்? தார்சாவிலிருந்து இரண்டாங்கட்டு வரை, கதவுநிலைகளுக்கு மேலாக நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்தோம். இத்தகைய கேபிளில் 100 மீட்டர் வரை செய்தி குறைவின்றிப் போகும். எங்களுக்குத் தேவைப்பட்டதோ 20 மீட்டருக்கும் குறைவு. பழைய பெட்டியை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றி, அதே வலைப்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தோம். இப்போது செய்தி கம்பியில் வருவதால் வேகம் பாதியாகும் பேச்சே இல்லை. பட்டாசலைக் கடக்கையில் தொலைபேசி ஒரு பெட்டியை விட்டு மற்றதைப் பிடிக்க ஓரிரு விநாடி தடுமாறுகிறது. அந்தப் பெண்ணுக்கு அது பொருட்டில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்துதானே படிக்கிறாள்.