ஜீப் நின்றால் கார்ப்பரேட்டர் மீதா பழி? தீ விபத்தில் முடியும் "பாட்டில் வைத்தியம்"!

காலை 9 மணி. ஆபீஸ் கூட்டம். பஸ்களுக்கு நடுவே ஒரு பழைய வில்லிஸ் ஜீப் "டப்... டப்" என்று இருமுகிறது. அப்படியே நின்று விடுகிறது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது.

எங்கிருந்தோ ஒருவர் பாட்டிலில் பெட்ரோலோடு ஓடி வருகிறார். "கார்ப்பரேட்டர் வாயில கொஞ்சம் ஊத்துங்க சார், உடனே பிடிச்சுக்கும்!" என்கிறார்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. ஆனால் இந்த "பாட்டில் வைத்தியம்" உயிருக்கே உலை வைக்கும்! என்ஜின் "பேக் பயர்" அடித்தால் தீ கார்ப்பரேட்டர் வாய் வழியாகவே சீறி வரும். கை, முகம், பாட்டில் எல்லாம் ஒரே நொடியில் பற்றிக் கொள்ளும்.

யுத்த கால வண்டி

1941 முதல் 1945 வரை உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் தயாரான வண்டி இது. 4 சிலிண்டர், 60 குதிரைச் சக்தி. யுத்தம் முடிந்த பிறகு மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்றது. போலீஸ், வனத்துறை, மலைத் தோட்டம் எல்லா இடத்திலும் ஓடியது. பின்னாளில் பல ஜீப்களில் டீசல் என்ஜின் ஏறி விட்டது. பெட்ரோல் என்ஜினோடு மிச்சம் இருப்பவற்றைச் சிலர் பிள்ளை போல வளர்க்கிறார்கள்.

வண்டி மக்கர் செய்தால், "கார்ப்பரேட்டர் போயிடுச்சு சார், வேற போட்டுடலாம்" என்பதுதான் பல ஒர்க்‌ஷாப்களில் முதல் பேச்சு. அசல் கார்ட்டர் கார்ப்பரேட்டர் கழன்று போகிறது. வேறு வண்டியின் சாமான் ஏறுகிறது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது!

குற்றவாளி யார்?

கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. சாவியை அணைத்து, என்ஜினை ஆற விட வேண்டும். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, ஆக்சிலேட்டர் லீவரைக் கையால் இழுத்தபடி கார்ப்பரேட்டருக்குள் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

"சர்"ரென்று பெட்ரோல் பீய்ச்சுகிறதா? அப்படியானால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பிளக், பாயிண்ட், கண்டன்சர் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். பீய்ச்சவில்லையா? பெரும்பாலும் பெட்ரோலே வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

உடனே டாங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடினால் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. செலவு ஒரு காசு இல்லை! அதுவும் இல்லையென்றால் டாங்க் துரு, பில்டர், பெட்ரோல் பம்பு டயாபரம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினாலும் இதே வரிசைதான்.

கறுப்புப் புகை வந்தால்...

கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. முதலில் சோக் முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வேலைதான். மிதவை ஓட்டையானாலும், ஊசியில் தூசி சிக்கினாலும் பெட்ரோல் பொங்கி வழியும்.

மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும். சுடு தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும்.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. இந்த ஜீப்பில் கார்ப்பரேட்டருக்குக் கீழேதான் சூடான புகைக்குழாய் இருக்கிறது. வழியும் பெட்ரோல் அதன் மேல் விழுந்தால் கதை முடிந்தது!

வண்டி ஸ்டார்ட் ஆகி, ஸ்லோவில் நிற்காமல் அணைந்தால் சின்ன துவாரத்தில் அடைப்பு. அல்லது கேஸ்கட் வழியாக ஏர் இழுக்கிறது. ஸ்லோ ஸ்குருவை முரட்டுத்தனமாக முறுக்கினால் முனை கெட்டு விடும்.

புது பெட்ரோல், பழைய குழாய்

2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது. அந்தக் காலத்து ரப்பர் குழாயும் டயாபரமும் இதற்காகச் செய்தவை அல்ல. நாளாவட்டத்தில் ஊறி உப்பும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் ஜீப்பில் கிண்ணத்துக்குள் வெள்ளைப் பொடி படிவது இதனால்தான். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவது நல்லது. வண்டியில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் இருக்கட்டும்.

அசல் சாமான்களைக் காப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளைத் தனியாக "விண்டேஜ்" என்று பதிவு செய்யலாம்.

ஆகவே ஜீப் நடுரோட்டில் நின்றால் முதலில் ஓரம் கட்டுங்கள். பாட்டிலோடு யாராவது ஓடி வந்தால், "வேண்டாம்ணே" என்று சொல்லி விட்டு டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள்!