கடல் காணாத கடற்படை அமைச்சர்

1877-இல் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி, கடற்படை அமைச்சர் பதவியை டபிள்யூ. எச். ஸ்மித்திடம் கொடுத்தார். ரயில் நிலையங்களில் பத்திரிகையும் புத்தகமும் விற்ற நிறுவனத்தின் முதலாளி அவர். கப்பலில் வேலை பார்த்தவரே அல்ல. மறு ஆண்டே கில்பர்ட்டும் சல்லிவனும் 'எச்.எம்.எஸ். பினஃபோர்' என்ற நகைச்சுவை இசை நாடகத்தை லண்டனில் அரங்கேற்றினார்கள்.

அதில் வரும் அமைச்சர் சர் ஜோசப் போர்ட்டர், வக்கீல் அலுவலகத்தில் கதவுக் கைப்பிடி துலக்கிப் படிப்படியாக ஏறியவர். நாடாளுமன்றத்தில் கட்சி சொன்ன பக்கமெல்லாம் ஓட்டுப் போட்டார். கடற்படையே கைக்கு வந்தது. கடல் பக்கம் போகாதவனுக்குத்தான் பதவி உயர்வு என்று மாலுமிகள் முன்னால் உபதேசம் வேறு!

இது ஸ்மித் இல்லை என்று காட்ட, பாத்திரத்தை எதிர்முகாம் கொள்கைக்காரராக்கிப் பார்த்தார் கில்பர்ட். யார் நம்பினார்கள்? முதல் சுற்றிலேயே நாடகம் 571 முறை நடந்தது. 'பினஃபோர் ஸ்மித்' என்ற பட்டப்பெயர் அமைச்சருக்கு ஒட்டிக்கொண்டது.