கோடையில் மாடுகளைக் கடிக்கும் ஈக்களிலிருந்து காப்பது எப்படி?

கோடையில் பால் குறைந்தால், பசுந்தீவனம் இல்லாததும் வெயிலுமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். ஈக்கடியும் ஒரு காரணம் ஆகும். இடைவிடாமல் காலை உதறி, வாலை வீசி நிற்கும் மாடு வயிறார மேய்வதில்லை. படுத்து அசை போடுவதும் இல்லை. கோடை மழை பெய்து சாணமும் வைக்கோலும் நனைந்தவுடன் இத்தொல்லை பெருகும்.

ஈக்களின் வகைகள்

கடி ஈ, பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும். ஆனால் வாயில் ஊசி போன்ற உறிஞ்சுகுழல் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கால்களில் கடிக்கும். ஈரச் சாணத்துடன் கலந்த வைக்கோல் கழிவில் முட்டையிடும். முட்டை ஈயாக மாற ஏறத்தாழ 2 முதல் 3 வாரம் ஆகும்.

உருவில் பெரிய குதிரை ஈ, குளம், வாய்க்கால் ஓரச் சேற்றில் வளர்ந்து பகலில் கடிக்கும். ஒரு மாட்டைக் கடித்துவிட்டு உடனே மற்றொன்றின் மேல் அமர்வதால் 'சர்ரா' நோயைப் பரப்புகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்த சோகை, உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். சில மாடுகள் பல்லைக் கடித்து வட்டமிட்டுச் சுற்றும். குதிரைகளுக்கு இந்நோய் கண்டு மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் இறந்துவிடும். 2019-ல் நம் நாட்டில் தென்பட்ட தோல் கழலை நோயும் கடிக்கும் பூச்சிகளால் பரவக்கூடியதே. அதற்குத் தடுப்பூசி உண்டு.

வால் அடியிலும் பின்னங்கால் இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும் தட்டையான பழுப்பு நிற ஈ மூன்றாவது வகை. இது சுவர் வெடிப்புகளிலும் காய்ந்த மண்ணிலும் புழுவை விட்டுச் செல்லும்.

தடுப்பு முறைகள்

1. சாணத்தையும் தின்று கழித்த வைக்கோலையும் தினமும் அகற்றவும். முட்டை ஈயாவதற்குள் கழிவை அப்புறப்படுத்தினால் தலைமுறை அறுந்துவிடும்.

2. எருக்குழி தொழுவத்தை விட்டுத் தள்ளி இருக்கட்டும். குவியலைப் பாலிதீன் தாளால் இறுக மூடினால் உள்ளே ஏறும் சூட்டில் புழுக்கள் மடியும். எருவின் சத்தும் வீணாகாது.

3. மூத்திரம் தேங்காதபடி வடிகால் அமைக்கவும். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்கவும்.

4. மாலையில் வேப்பிலை, நொச்சி இலைப் புகை போடலாம். காற்று வரும் திசையில், வைக்கோற்போருக்கும் கூரைக்கும் எட்டாத இடத்தில் மூட்டம் இருக்க வேண்டும். கன்றுகள் மூச்சுத் திணறும் அளவுக்குப் போடக்கூடாது.

5. வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சம அளவு கலந்து கால்களிலும் வயிற்றிலும் தடவலாம். மடியில் படக்கூடாது, பாலில் வாடை ஏறும்.

6. பூச்சிமருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் வகையிலும் அளவிலும் மட்டுமே தெளிக்கவும். பயிருக்கு அடிக்கும் மருந்தை மாட்டின் மேல் ஒருபோதும் தெளிக்கலாகாது. தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டிகளை மூடிவிட்டே தெளிக்க வேண்டும்.

காய்ச்சல் கண்ட மாட்டைத் தனியே கட்டி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். சர்ரா நோய்க்கு ஊசி மருந்து உண்டு. நாள் கடந்தால் பலன் குறையும்.

மருந்துக்குச் செலவிடுமுன் சாணக் குவியலைக் கவனியுங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை. தினம் அரைமணி நேர உழைப்பே போதும்.